நினைவு உதவித்தொகையும் இளம் புகைப்படக்காரர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விஸ்காம் முடித்துவிட்டு, முகூர்த்த நாளில் கல்யாண ஆல்பமும் மற்ற நாளில் சொந்தப் படங்களுமாக ஓடிக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன். காலமான ஒருவரின் பெயரில், இப்போதுதான் தொழிலுக்கு வந்திருக்கும் புகைப்படக்காரருக்குக் கொடுக்கும் பணம் பற்றியவை இவை. யார் தருகிறார்கள், எதற்காகத் தருகிறார்கள், எப்படிக் கேட்பது என்பதுதான் விஷயம்.

இந்த மாதிரி உதவித்தொகைகள் உலகத்தில் பல உண்டு. நான் முதலில் எடுத்துக்கொள்வது இயன் பாரி உதவித்தொகையை. இளவயதுக்காரர்களுக்கென்றே, அவர்கள் வயதிலேயே இறந்துபோன ஒருவர் பெயரில் தொடங்கப்பட்டது அது. மற்றவற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கடைசித் தேதி, தொகை, வயது வரம்பு எல்லாம் ஆண்டுக்கு ஆண்டு மாறும். விண்ணப்பிக்கும் முன் அந்த ஆண்டு அறிவிப்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இயன் பாரி யார்?

பிரிட்டனைச் சேர்ந்த செய்திப் புகைப்படக்காரர். 1989 டிசம்பரில் ருமேனியாவில் மக்கள் எழுச்சி வெடித்தது. டிசம்பர் 16 வாக்கில் திமிஷோரா நகரத்தில் தொடங்கிய போராட்டம் ஒரே வாரத்துக்குள் தலைநகர் புக்கரெஸ்டுக்கு வந்துவிட்டது. 22ஆம் தேதி நாட்டை ஆண்ட சர்வாதிகாரி சௌசெஸ்கு ஹெலிகாப்டரில் தப்பி ஓடினார். 25ஆம் தேதி அவரும் அவர் மனைவியும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த நாட்களைப் படமெடுக்க லண்டனின் 'சண்டே டைம்ஸ்' பத்திரிகைக்காகப் போனவர் இயன் பாரி. 28ஆம் தேதி புக்கரெஸ்டிலிருந்து கிளம்பிய விமானம் விழுந்து நொறுங்கியதில் இறந்தார். வயது 24.

கார்டிலிருந்து போனுக்கு, போனிலிருந்து அலுவலகத்துக்கு என்று ரெண்டு நிமிஷத்தில் அனுப்பிப் பழகியவர்களுக்கு இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அது ஃபிலிம் காலம். தெருவில் துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவே படம் எடுப்பது பாதி வேலைதான். ரோலைப் பத்திரமாக நாட்டை விட்டு வெளியே கொண்டுபோய், அச்சுக்குப் போகும் நேரத்துக்குள் ஆசிரியர் மேசையில் சேர்ப்பது மீதிப் பாதி. ஓட்டல் குளியலறையை இருட்டாக்கி நெகட்டிவ் கழுவுவார்கள். ஊருக்குப் போகும் யாராவது ஒருவர் கையில் ரோலைக் கொடுத்தனுப்புவார்கள். அந்தத் தலைமுறைக்கு விமானமும் கேமரா பையில் இருக்கும் ஒரு கருவி மாதிரிதான்.

அவர் பெயரில் உதவித்தொகை எப்படி வந்தது? என்ன கிடைக்கும்?

அப்போது அந்தப் பத்திரிகையின் பட ஆசிரியராக இருந்த எய்டன் சல்லிவன், இயனின் குடும்பத்தாரையும் நண்பர்களையும் சேர்த்துக்கொண்டு இதைத் தொடங்கினார். வேலைக்கு அனுப்பிய இடத்திலிருந்து ஒரு பையன் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு அனுப்பியவர் செய்தது இது. இந்த வரலாற்றில் என்னைப் பிடித்து நிறுத்துகிற இடம் இதுதான்.

பல ஆண்டுகள் வெற்றியாளருக்கு 3,500 பவுண்டு கொடுத்தார்கள். நம் கணக்கில் மூன்றரை லட்சத்துக்கு மேல். பணத்தைவிடப் பெரியது கூட வந்த மற்றவைதான். 'சண்டே டைம்ஸ்' இதழில் படங்கள் வெளியாகும், லண்டனில் கண்காட்சி நடக்கும், ஆம்ஸ்டர்டாமில் வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ (செய்திப் புகைப்படங்களுக்கான உலகப் போட்டியை நடத்தும் அமைப்பு) இளம் புகைப்படக்காரர்களுக்காக நடத்திய யூப் ஸ்வார்ட் பயிலரங்கின் பரிந்துரைப் பட்டியலில் பெயர் நேராகப் போய்ச் சேரும். சாதித்தவருக்கு ஒன்று, இனிமேல் சாதிப்பார் என்று தோன்றுகிறவருக்கு ஒன்று என இரண்டு விருதுகள் கொடுக்கும் வழக்கமும் உண்டு. இரண்டாவதுதான் எனக்குப் பிடித்தது. படங்கள் இன்னும் கரடுமுரடாக இருந்தாலும் பார்வை சரியாக இருக்கிறது என்று சொல்லிப் பணம் தருவதற்கு ஒரு தைரியம் வேண்டும்.

யார் விண்ணப்பிக்கலாம்?

நீண்டகாலம் இருந்த விதி: 24 வயதுக்குள் இருக்க வேண்டும், இல்லையென்றால் முழுநேரப் புகைப்படப் படிப்பில் மாணவராக இருக்க வேண்டும். எந்த நாட்டவரும் கேட்கலாம். அனுப்ப வேண்டியவை இரண்டு. சுமார் 12 படங்கள் கொண்ட ஒரு தொகுப்பு, பணம் கிடைத்தால் என்ன எடுப்பீர்கள் என்று சுருக்கமாக ஒரு திட்டக் குறிப்பு.

போட்டியில் பரிசு வாங்குவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

போட்டி என்பது அறுவடைக்குக் கிடைக்கும் விலை. இது விதைப்புக்குக் கொடுக்கும் முன்பணம். நீங்கள் எடுத்து முடித்த 12 படங்களையும் நடுவர்கள் பார்ப்பது, எடுக்கப்போகும் பதின்மூன்றாவது படத்தை நம்பலாமா என்று முடிவு செய்யத்தான். இது புரியாமல், முகநூலில் அதிகம் லைக் வாங்கிய படங்களை எல்லாம் சேர்த்து அனுப்பிவிட்டு, திட்டக் குறிப்பை கடைசி நாள் ராத்திரி பதினொரு மணிக்கு எழுதுகிறவர்கள்தான் அதிகம். நானும் ஒருகாலத்தில் அப்படித்தான் செய்தேன். பதில் வரவில்லை, வரவும் கூடாது.

இதே மாதிரி வேறு என்னென்ன இருக்கின்றன?

மூன்றை மட்டும் சொல்கிறேன். மூன்றுக்கும் பின்னால் ஒரு கதை இருக்கிறது. யார் பெயரில் பணம் கேட்கிறோம் என்று தெரியாமல் விண்ணப்பம் போடுவது, முகவரி தெரியாத வீட்டுக்குப் பத்திரிகை வைப்பது மாதிரி.

முதலாவது, டபிள்யூ. யூஜின் ஸ்மித் நினைவு நிதி. ஸ்மித் 1918இல் அமெரிக்காவின் விச்சிடா நகரில் பிறந்தவர். 'லைஃப்' இதழில் அவர் செய்த 'கிராமத்து மருத்துவர்' என்ற 1948ஆம் ஆண்டுப் படக்கட்டுரையைத்தான் இன்றும் கல்லூரிகளில் பாடமாக வைக்கிறார்கள். 1951இல் தெற்குக் கரோலினாவில் மாட் கேலன் என்ற கருப்பின மருத்துவச்சியைப் பற்றி அவர் எடுத்ததைப் பார்த்து, வாசகர்கள் அந்த அம்மாவுக்கு ஒரு சின்ன கிளினிக் கட்டும் அளவுக்குப் பணம் அனுப்பினார்கள். மனிதர் வேலையில் பிடிவாதக்காரர். பிட்ஸ்பர்க் நகரத்தைப் பற்றி மூன்று வாரத்தில் 100 படம் எடுத்துத் தரச் சொன்னார்கள். அவர் ஆண்டுக்கணக்கில் அதிலேயே கிடந்து சுமார் 17,000 எடுத்தார். 1978 அக்டோபர் 15 அன்று இறந்தபோது அவருடைய வங்கிக் கணக்கில் இருந்தது 18 டாலர் என்பார்கள். அப்படிப்பட்டவர் பெயரில் ஒரு நிதி!

அதன் முதல் தொகை 1980இல் ஜேன் எவலின் ஆட்வுட் என்பவருக்குப் போனது. பாரிசில் வசித்த அமெரிக்கப் பெண். 1976இல்தான் முதல் கேமராவோடு தெருவில் இறங்கியவர். பார்வையற்ற குழந்தைகளைப் பற்றி அப்போதுதான் எடுக்க ஆரம்பித்திருந்தார். அதற்கு முன்னால் ஒரு படம்கூடப் பத்திரிகையில் வந்ததில்லை. இன்று ஸ்மித் நிதியின் பெரிய தொகை அனுபவசாலிகளுக்குத்தான் போகிறது என்று சொல்லி ஒதுங்குகிறவர்களுக்கு இதைச் சொல்வேன். இப்போது மாணவர்களுக்கென்று தனியாகவும் ஒன்று வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது, இங்கெ மோராத் (Inge Morath) விருது. 1923இல் ஆஸ்திரியாவில் பிறந்த மோராத், புகைப்படக்காரர்களே சேர்ந்து நடத்தும் மேக்னம் கூட்டுறவில் முழு உறுப்பினரான முதல் பெண்களில் ஒருவர். 2002 ஜனவரியில் அவர் இறந்ததும் சக உறுப்பினர்கள் சேர்ந்து, 30 வயதுக்கு உட்பட்ட பெண் புகைப்படக்காரர்களுக்கென்று இதை ஏற்படுத்தினார்கள். தொடக்கத்தில் 5,000 டாலர். நீண்டகாலமாகச் செய்துகொண்டிருக்கும் ஒரு வேலையை முடிப்பதற்கான பணம் இது. புதிதாக ஒன்றைத் தொடங்குவதற்கானது இல்லை என்பதை கவனியுங்கள். 2007இல் இதைப் பெற்ற ஒலிவியா ஆர்தர் அதற்கு முன் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் டெல்லியில் தங்கி வேலை செய்தவர். பிறகு அவரே மேக்னம் உறுப்பினர் ஆனார்.

மூன்றாவதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் தொண்டை அடைக்கும். அலெக்சியா சாரிஸ், அமெரிக்காவில் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தின் புகைப்பட மாணவி. லண்டனில் ஒரு பருவம் படித்துவிட்டு கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வீடு திரும்பிக்கொண்டிருந்தார். 1988 டிசம்பர் 21, பான் ஆம் 103. ஸ்காட்லாந்தின் லாக்கர்பி ஊருக்கு மேலே குண்டு வெடித்து, விமானத்திலும் தரையிலுமாக 270 பேர் இறந்தார்கள். அதில் 35 பேர் சிரக்யூஸ் மாணவர்கள். அலெக்சியாவின் அம்மாவும் அப்பாவும் தொடங்கியதுதான் அலெக்சியா அறக்கட்டளை. 1991 முதல் அலெக்சியாவின் பெயரில் மாணவர்களுக்கும் தொழில்முறைப் புகைப்படக்காரர்களுக்கும் தனித்தனியாகப் பணம் கொடுக்கப்பட்டு வருகிறது. தங்கள் பெண் எடுக்காமல் விட்ட படங்களை ஊரான் வீட்டுப் பிள்ளைகள் எடுக்கட்டும் என்று நினைத்த பெற்றோர்.

நம் பக்கத்தில் யாராவது வாங்கியிருக்கிறார்களா?

வங்கதேசத்தின் ஃபர்சானா ஹொசைன் 2013இல் இயன் பாரி உதவித்தொகையைப் பெற்றார். அமில வீச்சுக்கு ஆளான பெண்களைப் பற்றிய வேலை. அவர் படித்தது டாக்காவில் உள்ள பாட்ஷாலா. ஷாகிதுல் ஆலம் 1998இல் தொடங்கிய புகைப்படப் பள்ளி அது. அங்கிருந்து ஆண்டுதோறும் யாராவது உலக அளவில் பெயர் வாங்குவதற்குக் காரணம் கேமரா இல்லை. தன் ஊரைத் தானே படமெடுக்க வேண்டும் என்ற பிடிவாதத்தை அங்கே முதலிலேயே ஊட்டிவிடுகிறார்கள்.

தமிழ்நாட்டில் எம். பழனிக்குமாரைத் தெரியாமல் இருக்காது. மதுரைக்காரர், அம்மா மீன் விற்பவர். மலக்குழியில் இறந்தவர்களின் குடும்பங்களைப் பல ஆண்டுகளாகப் படமெடுத்து வருகிறார். 2022இல் முதலாவது தயாநிதா சிங்–பாரி ஆவணப் புகைப்பட விருது, 2 லட்சம் ரூபாய், அவருக்குக் கிடைத்தது. இந்த பாரி இயன் பாரி இல்லை, கிராமப்புற இந்தியாவைப் பதிவு செய்யும் PARI இணையதளம். அந்த விருது நினைவு உதவித்தொகை இல்லை. ஆனால் அதுவும் ஒரு புகைப்படக்காரரின் பணம்தான். இந்தியப் புகைப்படக்காரரான தயாநிதா சிங், அந்த ஆண்டு புகைப்படத்துக்கான உலகப் புகழ்பெற்ற ஹாசல்பிளாட் விருது பெற்றதைத் தொடர்ந்து ஏற்படுத்தியது. இந்தத் தொழிலில் பணம் அப்படித்தான் கைமாறுகிறது, மூத்தவரிடமிருந்து இளையவருக்கு.

12 படங்களை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கம்ப்யூட்டர் திரையில் தேர்ந்தெடுக்காதீர்கள். லேபில் கொடுத்து சின்ன பிரிண்டாகப் போட்டு, தரையில் பரப்புங்கள்.

தென்காசிப் பக்கத்துத் தங்கை ஒருத்தி, தன் பாட்டி பீடி சுற்றுவதை ஒரு வருஷமாக எடுத்துக்கொண்டிருந்தாள். நானூறு படம் இருக்கும். அதில் எண்பதைப் பிரிண்ட் போட்டு வீட்டு முன்னறையில் பரப்பி வைத்திருந்தோம். அவளுக்கு ரொம்பப் பிடித்த படம் ஒன்று. சன்னலிலிருந்து வெளிச்சம் சாய்வாக விழ, பாட்டி மடியில் சொளகை (முறத்தை) வைத்துக்கொண்டு தூரத்தில் எதையோ வெறித்துப் பார்க்கிறார். ஓவியம் மாதிரி இருந்தது. எனக்கும் பிடித்தது. பாட்டி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு வந்து குனிந்து பார்த்தார். "ஏட்டி, இது போட்டோவுக்குன்னு உக்காந்ததுலா. ஆயிரம் பீடி கணக்கு இருக்கும்போது நான் சன்னலப் பாத்துக்கிட்டா இருப்பேன்?" என்று சொல்லிவிட்டு, காலால் அந்தப் படத்தைத் தள்ளிவிட்டார்.

அந்தப் படம் போய்விட்டது. பதிலுக்கு உள்ளே வந்தது நாங்கள் இருவருமே கவனிக்காத ஒன்று. கரண்ட் போன சாயங்காலம். முகமே தெரியவில்லை. சொளகில் வெட்டிய இலை, தூள், நூல்கண்டு. அதன் ஓரத்தில் கடைக்காரர் கணக்குப் போடும் சின்ன நோட்டு திறந்து கிடக்கிறது. கழிவு என்று தள்ளிவிட்ட பீடிகளின் எண்ணிக்கையைச் சுற்றி பேனாவால் ஒரு வட்டம். ஒரு கட்டை விரல் அந்த வட்டத்தின் மேல்.

அழகான படம் எது என்று கேட்காமல், எதை எடுத்துவிட்டால் கதை நொண்டும் என்று கேளுங்கள். ஒரே விஷயத்தைச் சொல்லும் இரண்டு படங்கள் இருந்தால் ஒன்று போக வேண்டும். முதல் படமும் கடைசிப் படமும் எவை என்று முடிவு செய்துவிட்டால் நடுவில் இருப்பவை தானாக இடம் தேடிக்கொள்ளும்.

திட்டக் குறிப்பில் என்ன எழுத வேண்டும்?

அதே தங்கை முதலில் எழுதியது: "பீடித் தொழிலாளர்களின் அவல வாழ்க்கையை உலகத்தின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்." இதில் தப்பு என்று எதுவும் இல்லை. ஆனால் யார் வேண்டுமானாலும் எழுதலாம். வண்டி பிடித்து ஒரு நாள் வந்து போகிறவர்கூட எழுதலாம்.

அவளைப் பேச விட்டு, பேசியதையே எழுதச் சொன்னேன். இப்படி வந்தது: "என் பாட்டி 11 வயதில் பீடி சுற்ற ஆரம்பித்தார். அம்மாவும் சுற்றினார். நான் சுற்றவில்லை. எங்கள் தெருவில் இப்போது சுற்றுகிறவர்களில் 40 வயதுக்குக் கீழே இருப்பது மூன்று பேர். அந்த மூன்று வீடுகளில், ஒரு வருஷம், மாதம் நான்கு நாள் இருக்கப் போகிறேன். கணக்கு நோட்டுகளையும் படமெடுப்பேன்."

யார், எங்கே, எத்தனை நாள், அந்த வீட்டுக்குள் போக உங்களுக்கு என்ன உரிமை, இதுவரை பார்க்காத எதைக் காட்டப் போகிறீர்கள். இவ்வளவுதான். 'குரலற்றவர்களின் குரல்' என்று எழுதாதீர்கள். அந்தப் பாட்டிக்குக் குரல் இருக்கிறது, எங்களுக்குப் பிடித்த படத்தைக் காலால் தள்ளும் அளவுக்கு.

எனக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. என்ன செய்வது?

முதலில் தமிழில் முழுசாக எழுதுங்கள். அப்புறம் தெரிந்தவர் யாரையாவது வைத்து ஆங்கிலத்தில் போடுங்கள், சின்னச் சின்ன வாக்கியமாக. சொளகு, பாத்தி, தூள் மாதிரி ஊர்ச் சொற்களை அப்படியே விட்டு ஒரு வரியில் விளக்கினால் போதும். இப்போது கணினியே மொழிபெயர்த்துத் தருகிறது. பயன்படுத்தலாம். ஆனால் அது உங்கள் பேச்சை வழவழ என்று ஆக்கிவிடும். திரும்ப வாசித்து, நீங்கள் சொல்லாத பெரிய வார்த்தைகள் இருந்தால் வெட்டிவிடுங்கள்.

பெரிய கேமரா வேண்டுமா?

வேண்டாம். அறிவிப்பில் குறிப்பிட்டிருக்கும் ஃபைல் அளவு வந்தால் போதும்.

படத்தில் எவ்வளவு திருத்தலாம்?

வெளிச்சம், நிறம், லேசாக ஓரம் வெட்டுவது சரி. எதையும் சேர்க்கவோ நீக்கவோ கூடாது, ஒரு மின்கம்பியைக்கூட. 2015ஆம் ஆண்டு வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ போட்டியில் கடைசிக்கு முந்தைய சுற்றுவரை வந்த படங்களில் சுமார் ஐந்தில் ஒரு பங்கை இந்தக் காரணத்துக்காகவே தூக்கிவிட்டார்கள். ரா ஃபைலை, அதாவது கேமராவில் பதிவான திருத்தாத மூலத்தை, கேட்டு வாங்கிப் பார்ப்பார்கள். எனவே அதை அழிக்காமல் இரண்டு இடத்தில் வையுங்கள். கல்யாண வீட்டில் பின்னால் நிற்கும் சித்தப்பாவை அழித்துப் பழகிய கை இங்கே அடங்கி இருக்க வேண்டும்.

கேப்ஷனில் யார், எந்த ஊர், எந்த மாதம் என்று நேராக எழுதுங்கள். "நம்பிக்கையின் ஒளி" மாதிரி கவிதை வேண்டாம்.

படத்தில் இருப்பவர்களிடம் அனுமதி வாங்க வேண்டுமா?

வாங்க வேண்டும். ஒருமுறை வாங்கினால் போதும் என்றும் நினைக்காதீர்கள். மேலே சொன்ன ஸ்மித்தின் கடைசிப் பெரிய வேலை, ஜப்பானின் மினமாட்டா. சிஸ்ஸோ என்ற ரசாயன ஆலை கடலில் விட்ட பாதரசக் கழிவு மீன் வழியாக மக்கள் உடம்புக்குள் போனது. அங்கே 1971இல், அம்மாவின் வயிற்றில் இருக்கும்போதே நஞ்சேறிப் பிறந்த தொமோகோ என்ற பெண்ணை அவள் அம்மா குளியல்தொட்டியில் ஏந்தியிருக்கும் படத்தை எடுத்தார். பெற்றோர் சம்மதத்தோடு எடுத்ததுதான். உலகம் முழுக்கப் போன படம். 1977இல் தொமோகோ இறந்தார். அதன் பிறகும் மகள் எல்லா இடத்திலும் அந்தத் தொட்டியிலேயே கிடப்பதைப் பெற்றோரால் தாங்க முடியவில்லை. ஸ்மித்தோடு சேர்ந்து மினமாட்டாவில் வேலை செய்த அவர் மனைவி ஐலீன், 1998இல் அந்தப் படத்தைப் பற்றி முடிவு செய்யும் உரிமையை அவர்களிடமே ஒப்படைத்தார். புகைப்பட வரலாற்றின் மிகப் பெரிய படங்களில் ஒன்று பல ஆண்டுகள் புதிதாக அச்சேறாமல் இருந்தது அதனால்தான்.

இது உங்களுக்கு எப்போது உதவும் என்றால், ஒரு அம்மா போன் பண்ணி "தம்பி, அந்தப் போட்டோவ எடுத்துருப்பா" என்று சொல்லும் நாளில்.

இதற்காகப் போர் நடக்கும் இடத்துக்குப் போக வேண்டுமா?

வேண்டவே வேண்டாம். நினைவு உதவித்தொகைகள் பல போரில் இறந்தவர்கள் பெயரில் இருப்பதால் இந்தக் குழப்பம் வருகிறது. 2011 ஏப்ரல் 20 அன்று லிபியாவின் மிஸ்ராட்டா நகரில் டிம் ஹெதரிங்டன், கிறிஸ் ஹாண்ட்ராஸ் என்ற புகைப்படக்காரர்கள் இருவரும் ஒரே தாக்குதலில் இறந்தார்கள். ஹெதரிங்டனின் தொடையில் பட்ட காயத்தில் ரத்தத்தைக் கட்டத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்திருந்தால் பிழைத்திருக்கலாம் என்று பின்னால் தெரிய வந்தபோது, அவர் நண்பர் செபாஸ்டியன் யங்கர், சுதந்திரமாக வேலை செய்யும் பத்திரிகையாளர்களுக்கு முதலுதவி சொல்லித்தரும் ரிஸ்க் (RISC) என்ற அமைப்பைத் தொடங்கினார். நம் நாட்டு டேனிஷ் சித்திக்கி, புலிட்சர் விருது பெற்ற செய்திப் புகைப்படக்காரர், 2021 ஜூலை 16 அன்று ஆப்கானிஸ்தானின் ஸ்பின் போல்டக்கில் கொல்லப்பட்டார். எத்தனையோ அனுபவம் உள்ளவர்களுக்கே இப்படி.

ஊரிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. மலக்குழியின் வாயில் குனிந்து படமெடுக்காதீர்கள், வாயு உங்களுக்கும் ஒன்றுதான். விசைப்படகில் போனால் உயிர்காக்கும் மிதவைச் சட்டை இல்லாமல் ஏறாதீர்கள். பட்ஜெட்டில் அந்தச் சட்டைக்கும் ஒரு வரி போடுங்கள்.

பட்ஜெட் எப்படிப் போடுவது?

உள்ளதை உள்ளபடி. பஸ், தங்கல், சாப்பாடு, ஹார்டு டிஸ்க், பிரிண்ட், மொழிபெயர்ப்பு, காப்பீடு. அப்புறம் எல்லாரும் விட்டுவிடும் ஒன்று: உங்கள் கூலி. மாதம் நான்கு முகூர்த்தத்தை விட்டுவிட்டுத்தான் இந்த வேலைக்குப் போகிறீர்கள் என்றால் அந்த நான்கு நாளுக்கும் விலை உண்டு. கூச்சப்படாமல் எழுதுங்கள். முழுத் தொகைக்கும் புது லென்ஸ் வாங்குவதாக எழுதினால், கடையைப் பார்த்து எழுதியது என்று தெரிந்துவிடும்.

வெளிநாட்டிலிருந்து பணம் வந்தால் பிரச்சினை வருமா?

இந்தியாவில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் உதவித்தொகைக்கு, அதாவது ஸ்காலர்ஷிப், ஸ்டைபெண்ட் என்று வருவதற்கு விலக்கு உண்டு. அதனால் தேர்வுக் கடிதத்தில் என்ன பெயரில் பணம் தருகிறார்கள் என்பதைக் கவனித்து, அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள். வங்கியில் இது எதற்கான பணம் என்று கேட்டு ஒரு படிவம் நீட்டுவார்கள், பர்பஸ் கோடு எழுத வேண்டும். நண்பர் கணக்கில் போட்டு வாங்கிக்கொள்ளலாம் என்ற யோசனை வேண்டாம். படிப்புச் செலவுக்கான உதவித்தொகைக்கு வருமான வரி கிடையாது. ஆனால் படமெடுக்கும் திட்டத்துக்கு வரும் பணத்தை அந்தக் கணக்கில் சேர்க்கலாமா என்பதை ஆடிட்டரிடம் ஒருமுறை காட்டிக் கேட்டுவிடுங்கள். ஐந்நூறோ ஆயிரமோ கேட்பார், கொடுக்கலாம்.

படத்தின் உரிமை யாருக்கு?

உங்களுக்கு. நல்ல நிதி எதுவும் பதிப்புரிமையை எழுதிக் கேட்காது. கண்காட்சிக்கும் அறிவிப்புக்கும் பயன்படுத்திக்கொள்ள மட்டும் அனுமதி கேட்பார்கள். "எல்லா உரிமையும், எல்லாக் காலத்துக்கும்" என்று ஒரு வரி இருந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

கிடைக்கவில்லை என்றால்?

பெரும்பாலும் கிடைக்காது. உலகம் முழுக்க இருந்து வருகிறவற்றில் ஒன்றிரண்டு பேருக்குத்தான் தருகிறார்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரி ரெண்டு வரி மின்னஞ்சல் வரும், சில இடத்தில் அதுவும் வராது. ஏன் என்று கேட்டு எழுத வேண்டாம். அடுத்த ஆண்டு அதே திட்டத்தை அனுப்பலாம், தப்பே இல்லை. இடையில் நீங்கள் வேலையை நிறுத்தவில்லை என்பது படங்களில் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

பீடிப் பாட்டியின் பேத்திக்கும் முதல் வருஷம் கிடைக்கவில்லை. ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. அப்புறம் பழையபடி அந்த மூன்று வீடுகளுக்கும் போக ஆரம்பித்தாள். இந்த முறை 12 படங்களில் ஐந்து புதுசு. மூன்று பேரில் ஒருவர் திருநெல்வேலியில் ஜவுளிக்கடை வேலைக்குப் போய்விட்டார். அவருடைய சொளகு ஆணியில் தொங்குவதை எடுத்திருக்கிறாள். திட்டக் குறிப்பில் 'மூன்று பேர்' என்று இருந்ததை 'இரண்டு பேர்' என்று திருத்தி நேற்று எனக்கு அனுப்பினாள். கடைசித் தேதிக்கு இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது.